குயின்ஸ்டவுனில் ஏழு நாள், ஒரு முதுகுப்பை: எதில் குதிப்பது, எங்கே நடப்பது?

வந்த கேள்வி சுருக்கமாக இது: அங்கே கோடையான ஜனவரியில் ஒருவர் ஏழு நாள் நியூசிலாந்தின் குயின்ஸ்டவுனில் இருக்கப் போகிறார். தனி ஆள். முதுகில் ஒரு பை, பலர் சேர்ந்து தூங்கும் விடுதி அறையில் ஒரு படுக்கை. காலில் ரப்பர் கயிறு கட்டிக் குதிக்கும் பஞ்சி, ஜெட் படகு, மிதவையில் ஆறு இறங்கும் ராஃப்டிங், துணிச்சிறகில் பறக்கும் பாராகிளைடிங், மலையேற்றம் என்று எல்லாவற்றின் மீதும் ஆசை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பணம் இல்லை. மலையில் தனியாக நடந்த பழக்கமும் அதிகம் கிடையாது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

அந்த ஊரில் இரண்டு கோடைக்காலங்கள் தங்கி வேலை பார்த்திருக்கிறேன். விடுமுறை நாள் கிடைத்தபோதெல்லாம் மலைப்பக்கம் போனேன். அந்த அனுபவத்தில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்துச் செய்யும் சாகசங்களில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மனமாரச் செய்யுங்கள். மீதி நாள்களைக் கால்களுக்கு விட்டுவிடுங்கள். ஒரு பஞ்சிக் குதிப்புக்கு ஆகும் பணத்தில் விடுதியில் பல இரவுகள் தூங்கலாம். அதே ஊரில் பைசா செலவில்லாமல் வாசலிலிருந்து நடந்து 1,748 மீட்டர் உயர முகட்டில் நிற்கலாம். கடைத்தெருவின் விளம்பரப் பலகைகள் முதல் விஷயத்தை மட்டுமே சொல்லும். இரண்டாவதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு.

இன்னொன்று: எந்த நாளில் எதைச் செய்வது என்பதை ஊருக்குப் போகும் முன்பே எழுதி முடித்துவிடாதீர்கள். அங்கே அட்டவணை போடுவது வானிலை. மேற்கே டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சுவரில் மோதி, மில்ஃபோர்ட் பக்கம் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழையாகக் கொட்டுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் மழை நிழலில் இருக்கும் குயின்ஸ்டவுனுக்கு ஆண்டு முழுவதும் சேர்த்தே ஒரு மீட்டருக்கும் குறைவுதான். இது பாடப்புத்தகத் தகவல் போலத் தோன்றலாம். ஆனால் உங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டது. ஊரில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும் அதே மதியத்தில், ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ரூட்பர்ன் பள்ளத்தாக்கில் ஓடைகள் இடுப்பளவு ஏறியிருக்கும். ஊரின் வானிலையைப் பார்த்து மலைக்குக் கிளம்பக் கூடாது. மெட்சர்வீஸ் என்ற அந்நாட்டு வானிலை நிறுவனம் மலைப்பகுதிகளுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் தனி முன்னறிவிப்பு தருகிறது. காலை எழுந்ததும் அதைப் பாருங்கள். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பார்வையாளர் மையத்துக்கும் முதல் நாளே போய்விடுங்கள். அந்தத் துறையை அங்கே 'டாக்' (DOC) என்றால் எல்லாருக்கும் தெரியும். எந்தத் தடம் மூடியிருக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நீங்கள் போக நினைக்கும் இடத்தைச் சொல்லி, "என் அனுபவத்துக்கு இது சரிவருமா?" என்று கேளுங்கள். தயங்காமல் உண்மையைச் சொல்வார்கள்.

ஊரின் அமைப்பையும் கொஞ்சம் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாகாட்டிப்பு என்ற ஏரி, பனியாறு தோண்டிய பள்ளம். சுமார் 80 கிலோமீட்டர் நீளம், வளைந்து மடங்கிய வடிவம். அதன் கரை கடல் மட்டத்திலிருந்து 310 மீட்டர்தான். எனவே இமயமலையில் வருவது போன்ற உயர நோய் இங்கே வராது. ஆனால் இது தெற்கே 45 டிகிரி அட்சம். சுமார் 1,000 மீட்டரிலேயே மரங்கள் நின்றுவிடும். அதற்கு மேல் பழுப்பு மஞ்சள் நிறத்தில் டஸக் என்னும் குத்துப்புல்லும் பாறையும் காற்றும்தான். ஒதுங்க ஒரு மரம்கூடக் கிடையாது. உயரம் குறைவு என்று இலேசாக நினைக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

முதல் நாள் மதியம் குயின்ஸ்டவுன் குன்றுக்கு ஏறுங்கள். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் டே டாப்புனுயி. ஊரின் தெருவிலிருந்தே தடம் தொடங்குகிறது. சுமார் 500 மீட்டர் ஏற்றம். போய்வர மூன்று மணி நேரம் வைத்துக்கொண்டால் போதும். இதை நான் ஒரு பரிட்சையாகவே சொல்கிறேன். உங்கள் காலணி எங்கே கடிக்கிறது, பையின் வார் எந்தத் தோளில் அழுத்துகிறது, ஒரு மணி நேரத்தில் உங்களால் எவ்வளவு ஏற முடிகிறது என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிடும். மேலே நின்று எதிரில் பார்த்தால் ரிமார்க்கபிள்ஸ் மலைத்தொடர் ரம்பப் பற்கள் போல நிற்கும். ஜனவரியில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் மாலை நான்கு மணிக்குக் கிளம்பினாலும் அவசரம் இல்லை.

இனி பென் லொமண்ட், தொடக்கத்தில் சொன்ன அந்த 1,748 மீட்டர் முகடு. ஏழு நாளில் எது போனாலும் இது போகக் கூடாது என்பேன். மாவோரிப் பெயர் டே டௌமாட்டா ஓ ஹாக்கிட்டெகுரா. ஹாக்கிட்டெகுரா என்ற பெண்தான் இந்த ஏரியை முதன்முதலில் நீந்திக் கடந்தவள் என்பது அவர்களின் வழிவழிக் கதை. அவள் பெயரைத்தான் இந்த முகடு தாங்கி நிற்கிறது. அந்தத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்த பிறகு அந்தக் கதையின் மதிப்பு கூடிவிடும். கோடையிலும் அது எலும்பைத் தொடும் குளிர்.

ஊரிலிருந்து நடந்தே போனால் ஏற்றம் 1,400 மீட்டருக்கு மேல்; போய்வர ஆறிலிருந்து எட்டு மணி நேரம். கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் முதல் 450 மீட்டரைக் கடந்துவிடலாம். அதற்கு டிக்கெட் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது கோண்டோலாவைப் பயன்படுத்துவது நல்லது. முழங்காலைப் பழுதாக்குவது இறக்கம்தான்.

முதல் பகுதி டக்ளஸ் ஃபர் மரக்காடு. நடுப்பகலிலும் உள்ளே இருட்டு; காலடியில் ஊசியிலை மெத்தை; பறவைச் சத்தமே குறைவு. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது இந்த மண்ணின் காடு இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த மரம் விதை பரப்பி மலையையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதை வெட்டி அகற்ற ஊர்க்காரர்கள் தன்னார்வக் குழுக்களாகப் பாடுபடுகிறார்கள். அந்த இருட்டிலிருந்து சட்டென்று வெளிச்சத்துக்கு வரும் இடத்தில் எல்லாரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். எதிரே டஸக் புல் சரிவு, அதில் ஒரு கோடு போலத் தடம், அந்தக் கோட்டின் முடிவில் 1,316 மீட்டரில் ஒரு தோள்பட்டை. இரண்டு முகடுகளுக்கு நடுவே மலை தாழ்ந்து வரும் இடம் அது. அங்கே ஒரு பெஞ்சு உண்டு.

முடிவெடுக்க வேண்டிய இடம் அந்தப் பெஞ்சுதான். அதுவரை நீங்கள் காற்றின் மறைவில் வந்திருப்பீர்கள். தோளில் ஏறியதும் வடமேற்குக் காற்று நேராக முகத்தில் அறையும். என் முதல் முயற்சியில் அங்கே நின்றபோது தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகக் கை ஒத்துழைக்கவில்லை. விரல்கள் இருந்தன, வேலை செய்யவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு முதியவர், "மூடியைத் திறக்க முடியாதவன் முகட்டுக்குப் போகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கையுறையைக் கழற்றி நீட்டினார். நான் இறங்கிவிட்டேன். பத்து நாள் கழித்துத் தெளிந்த காலையில் மறுபடி ஏறினேன். உடல் வெப்பம் இறங்குவதன் தொடக்கம் அதுதான்: விரல் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும், கால் தடுக்கும். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே உலர்ந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஏதாவது சாப்பிட்டு, இறங்க வேண்டும். உட்கார்ந்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

தோளிலிருந்து முகடு வரை இன்னும் 430 மீட்டர். பாறைத் தடம், செங்குத்து அதிகம். சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். உச்சியில் நின்றால் வடக்கே வெண்ணிறத்தில் எர்ன்ஸ்லா மலை, 2,830 மீட்டர். வானம் உண்மையிலேயே தெளிவாக இருந்தால் அதற்கும் அப்பால் 3,033 மீட்டர் ஆஸ்பைரிங்கின் கூர்முனை. கீழே ஏரி முழுவதும் ஒரு நீலத் துணியை மடித்துப் போட்டது போல. வழியில் நம்பிக்குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. குறைந்தது இரண்டு லிட்டர் தூக்கிக்கொண்டு போங்கள்.

பஞ்சிக்கு வருகிறேன். ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் என் வாக்கு காவராவ் பாலத்துக்கு. 134 மீட்டர் உயர நெவிஸ் குதிப்பில் எட்டரை விநாடி கீழே விழுந்துகொண்டே இருக்கலாம். காவராவில் வெறும் 43 மீட்டர். ஆனாலும் காவராவ்தான், ஏனென்றால் இந்த விளையாட்டு ஒரு தொழிலாகப் பிறந்த இடம் அது. வனுவாட்டு நாட்டின் பெந்தகோஸ்து தீவில் ஆண்கள் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு மரக்கோபுரத்திலிருந்து தரையை நோக்கிக் குதிக்கும் சடங்கு உண்டு. 1979-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று அதைப் பார்த்து, ரப்பர் கயிறு கட்டிக்கொண்டு பிரிஸ்டலின் கிளிஃப்டன் பாலத்திலிருந்து குதித்தது. அடுத்து, நியூசிலாந்தின் ஏ. ஜே. ஹாக்கெட் 1987-இல் ஈஃபில் கோபுரத்திலிருந்தே குதித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். 1988 நவம்பரில் அவரும் ஹென்றி வான் ஆஷும் இந்தக் காவராவ் பாலத்தில் கட்டணம் வாங்கிக் குதிக்க வைக்கத் தொடங்கினார்கள். வணிக முறையில் நிரந்தரமாக நடக்கும் முதல் பஞ்சித் தளம் உலகத்திலேயே இதுதான். பாலம் அதைவிட மூத்தது. 1880-இல் தங்கவயல்களுக்குப் போகக் கட்டியது.

பணம் கட்டும் முன் பார்வையாளர் மேடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வேடிக்கை பார்க்கக் காசில்லை. அங்கே நின்று பார்த்தாலே உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். வேண்டாம் என்று தோன்றினால் அந்தப் பணத்தோடு திரும்பி வாருங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. வேண்டும் என்றால், எடை பார்த்து அந்த எண்ணை உங்கள் கையிலேயே மையால் எழுதுவார்கள். எடைக்குத் தக்க கயிறு மாறும் என்பதால் அந்த எண்தான் உங்கள் உயிர்ப்பிடி. சரியாக எழுதியிருக்கிறார்களா என்று நீங்களும் பாருங்கள். கணுக்காலில் முதலில் ஒரு துண்டைச் சுற்றி, அதன்மேல் பட்டையை இறுக்குவார்கள். இரண்டு கால்களும் சேர்த்துக் கட்டப்பட்டபின் பலகையின் ஓரத்துக்கு அடி அடியாக நகர வேண்டும். அந்த இரண்டு அடித் தூரம்தான் முழுச் சாகசமும். கால்விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கீழே பச்சையும் நீலமுமாக ஆறு சத்தமில்லாமல் ஓடும். கீழே பார்க்காமல் எதிரே உள்ள மலையைப் பார்த்துச் சாயுங்கள். உயர் ரத்த அழுத்தம், கண் விழித்திரைக் கோளாறு, முதுகெலும்புச் சிக்கல், கர்ப்பம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் போகவே கூடாது; படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

உயரம் பிடிக்காது, வேகம் பிடிக்கும் என்றால் ஜெட் படகு. இதுவும் நியூசிலாந்தின் சொந்தச் சரக்கு. தென்தீவின் ஆறுகள் அகலமாகப் பரந்து, கூழாங்கல் மேல் சில அங்குல ஆழத்தில் ஓடுபவை. சுழல் விசிறி வைத்த படகு அங்கே கல்லில் இடித்து நின்றுவிடும். பில் ஹாமில்டன் என்ற பண்ணைக்காரப் பொறியாளர் 1950களில் இதற்கு வழி கண்டார்: அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் குழாய்முனை வழியாக வேகமாகப் பீச்சினால் படகு முன்னே பாயும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பே தேவையில்லை. 1960-இல் அந்தப் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யனையே எதிர்நீச்சலில் ஏறின. இன்று ஷாட்டோவர் ஆற்றின் குறுகிய பாறை இடுக்கில் அதே தத்துவம் உங்களைச் சுமந்துகொண்டு பாறைக்கு ஒரு கை தூரத்தில் பறக்கும். சுகமானது, பாதுகாப்பானது, சீக்கிரம் முடிந்துவிடும். நீங்கள் செய்வதற்கு அதில் எதுவும் இல்லை. உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் என் பட்டியலில் அது பின்னால்தான்.

ராஃப்டிங் அப்படி இல்லை. துடுப்பு உங்கள் கையில், பக்கத்தில் முகம் தெரியாத ஐந்து பேர், பத்து நிமிடத்தில் ஒரே குழு. தனியாகப் பயணம் போகிறவருக்கு இது பெரிய வரம். முதல் முறை என்றால் காவராவ் ஆறு போதும். நீர் அதிகம், பாறை குறைவு. ஷாட்டோவர் ஆறு கடினம். அதன் முடிவில் ஆக்ஸன்பிரிட்ஜ் சுரங்கம் வரும், சுமார் 170 மீட்டர் நீளம். ஆற்றைத் திருப்பிவிட்டு அடியில் உள்ள தங்கத்தை அள்ளலாம் என்று பாறையைக் குடைந்தவர்கள் பெயர் அது. பாடுபட்டதற்கு ஏற்ற தங்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று மிதவைப் படகுகள் அதற்குள் புகுந்து வருகின்றன. அங்கே போக ஸ்கிப்பர்ஸ் சாலையில் அழைத்துச் செல்வார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் காலத்தில் மலையைக் கையால் செதுக்கிய ஒற்றைத் தடம். வாடகைக் காரில் நீங்களே போக நினைக்காதீர்கள். அந்தச் சாலையில் வாடகைக் கார்களுக்குக் காப்பீடு செல்லாது.

பாராகிளைடிங் கோண்டோலா உச்சியிலிருந்து பயிற்சியாளரோடு சேர்ந்து பறப்பது. நல்ல காலையில் மட்டும் பதிவு செய்யுங்கள். காற்று எழுந்தால் நிறுத்திவிடுவார்கள், அப்படி நிறுத்துகிறவரைத்தான் நம்ப வேண்டும்.

யாரிடம் போனாலும், அரசு அமைப்பின் பாதுகாப்பு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜெட் படகு, ராஃப்டிங், பாராகிளைடிங் ஆகியவற்றை வேறு அரசு அமைப்புகள் கண்காணிக்கின்றன. பஞ்சி போன்ற சாகசங்களை நடத்தும் நிறுவனங்கள் அந்நாட்டுச் சட்டப்படி பாதுகாப்புத் தணிக்கையில் தேறி, வொர்க்சேஃப் என்ற அரசு அமைப்பிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். இதோடு சேர்த்து ஏசிசி என்ற விபத்துத் திட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நியூசிலாந்தில் விபத்தில் காயம்பட்டால், தவறு யாருடையது என்று பாராமல், வெளிநாட்டுப் பயணிக்கும் சிகிச்சைச் செலவுக்கு அத்திட்டம் உதவுகிறது. அதற்கு மறுபக்கம் உண்டு: காயத்துக்கு இழப்பீடு கேட்டு அங்கே வழக்குப் போட முடியாது. நோய்க்கும், தவறவிட்ட விமானத்துக்கும், ஊருக்குத் திரும்பும் செலவுக்கும் ஏசிசி பொறுப்பேற்காது. எனவே பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யப்போகும் சாகசத்தின் பெயர் அதில் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று சிறு எழுத்தையும் படியுங்கள்.

ரூட்பர்ன் தடத்தைப் பற்றியும் கேட்டிருந்தார். 33 கிலோமீட்டர், வழக்கமாக மூன்று நாள். ஏரித் தலைமாட்டில் உள்ள கிளெனார்க்கியைத் தாண்டித் தொடங்கி, 1,255 மீட்டர் உயரத்தில் உள்ள ஹாரிஸ் சேடில் என்னும் கணவாய்க்கு ஏறி, மில்ஃபோர்ட் சாலையில் முடியும். மாவோரிகள் பச்சைக்கல் தேடி நடந்த மலைவழிகள் இவை. ஜனவரியில் குடில்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே நிரம்பிவிடும். பதிவு இல்லாமல் போய் எப்படியாவது தங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். மனம் தளரவும் வேண்டாம். காலையில் ஷட்டில் பஸ் பிடித்து ரூட்பர்ன் அருவிக் குடில் வரை போய்த் திரும்புவது ஒரு நாளில் முடியும். ஒரு வழி சுமார் 9 கிலோமீட்டர். கண்ணாடி போன்ற ஓடை, அதன்மேல் ஆடும் கம்பிப் பாலங்கள், பாசி படர்ந்த பீச் மரங்கள். அங்கே ஓரிடத்தில் நின்று காலணி நுனியால் இலைச்சருகைக் கொஞ்சம் கிளறிவிட்டு அசையாமல் இருங்கள். சாம்பல் நிற ராபின் குருவி ஒன்று மெல்லிய குச்சிக் கால்களில் தத்தித்தத்தி வந்து, நீங்கள் கிளறிய மண்ணில் புழு பொறுக்கும். சில சமயம் காலணி மேலேயே ஏறி நிற்கும். பாலூட்டி வேட்டை விலங்குகளே இல்லாத தீவில் வளர்ந்த இனம் என்பதால் நிலத்தில் நடப்பவரைக் கண்டு அதற்கு அச்சம் குறைவு. எலியும், ஸ்டோட் என்னும் கீரி போன்ற சிறு வேட்டை விலங்கும் வந்த பிறகு அந்தக் குணமே அதற்குக் கேடாகிவிட்டது. தடம் நெடுக நீங்கள் பார்க்கும் மரப்பெட்டிகள் அவற்றைப் பிடிக்கும் பொறிகள், கை வைக்காதீர்கள்.

மேலே போனால் கியா கிளி. ஆலிவ் பச்சை, சிறகின் அடியில் செம்மஞ்சள். புத்திசாலி, பயம் அறியாதது. பையின் ஜிப்பைத் திறக்கத் தெரியும், வெளியே விட்ட காலணியைக் கிழிக்கத் தெரியும். அதற்கு ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்காதீர்கள். மனிதரை அண்டி வாழப் பழகிய கியா, கார் நிறுத்தங்களிலும் கூரைகளிலும் அடிபட்டும் நஞ்சு தின்றும் சாகிறது. இனமே அழியும் நிலையில் இருக்கிறது.

ஓடைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அந்த மலைகளில் பாம்பு இல்லை, கரடி இல்லை, ஆளைத் தூக்கும் எந்த மிருகமும் இல்லை. ஆளைக் கொல்வது தண்ணீர், குளிர், சறுக்கல். பாலமில்லாத ஓடை கலங்கி ஓடினால், அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால், இறங்காதீர்கள். மழை நின்ற சில மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். ஓரிரவு பசியோடு காத்திருந்தாலும் பரவாயில்லை.

பையில் என்ன வேண்டும் என்றால், நான் ஒன்றில் மட்டும் விடாப்பிடியாக இருப்பேன்: பருத்தி வேண்டாம். ஈரமான பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை ஒன்று, அதன்மேல் ஒரு கதகதப்பான மேலங்கி, எல்லாவற்றுக்கும் மேல் உண்மையான மழைச்சட்டை, தொப்பி, கையுறை. ஜனவரி என்று பார்க்காதீர்கள். முகட்டில் எந்த மாதமும் பனி விழலாம். அதே நாளில் வெயிலும் சுடும். அங்குள்ள கோடைப் புற ஊதாக் கதிர், வடகோளத்தில் அதே அட்சத்தில் இருப்பதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். கருத்த தோல்தானே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிட்டு நான் உதடு வெடித்து நான்கு நாள் அவதிப்பட்டேன். ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் சாண்ட்ஃபிளை என்னும் கடி ஈ மொய்க்கும். நடந்துகொண்டே இருந்தால் அதிகம் அண்டாது. நின்றால் கணுக்காலைத் தேடி வரும்.

தனியாகப் போகிறீர்கள் என்பதால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிப்பான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கிளெனார்க்கியைத் தாண்டினால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. இது செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவை அழைக்கும். சிக்னல் இருக்கும் இடத்தில் அவசர எண் 111. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பியதும் மறக்காமல் அவரிடம் போய், "வந்துவிட்டேன்" என்றும் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களைத் தேடி இருட்டில் ஆட்கள் மலை ஏறுவார்கள்.

விமான நிலையத்திலேயே ஒன்று: காலணி, கூடாரம், ஊன்றுகோல் இவற்றில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. வருகைப் படிவத்தில் இவற்றையும் உணவுப் பொருள்களையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

ஒரு நாளை ஓய்வுக்கு வையுங்கள். என் ஆலோசனை: வாடகைச் சைக்கிளில் பக்கத்து ஊரான ஆரோடவுன். அங்கே போவது 2012-இல் திறந்த சைக்கிள் தடத்தொகுப்பு வழியாக. ஏரியோரம், தொங்குபாலம், வயல்வெளி என்று வண்டிச் சாலையை அதிகம் தொடாமலே போகலாம். 1862-இல் ஆரோடவுனில் தங்கம் கிடைத்த செய்தி பரவி ஆயிரக்கணக்கானோர் குவிந்தனர். சில ஆண்டுகளில் அவர்கள் வேறு வயல்களுக்குப் போய்விட, எஞ்சியதை அள்ளச் சீனத் தொழிலாளர்களை அழைத்தார்கள். ஊரின் ஓரத்தில் ஓடையருகே அவர்கள் வாழ்ந்த குடிசைகள் இருக்கின்றன. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு கல் அடுப்பு, ஒருவர் படுக்கும் இடம். குளிர்காலத்தில் அங்கே எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். 1881-இலிருந்து நாட்டுக்குள் நுழையவே சீனர்களிடம் மட்டும் தலைவரி வாங்கினார்கள். அதற்கு நியூசிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2002-இல்.

வனாகா பக்கம் ராய்ஸ் முகடு பற்றியும் கேட்டிருந்தார். பஸ்ஸில் போகலாம், 16 கிலோமீட்டர் நடை, காட்சி அருமை. ஆனால் படம் எடுக்க ஒரே இடத்தில் வரிசை நிற்கும். பென் லொமண்ட் ஏறியவருக்கு அது கட்டாயம் இல்லை.

கடைசி மாலை எதையும் பதிவு செய்யாதீர்கள். ஏரிக்கரைக் கூழாங்கல்லில் உட்காருங்கள். காற்று இல்லாத நாளாக இருந்தால், தண்ணீர் தொடும் கோட்டில் ஒரு தட்டைக் கல்லை நட்டு வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கல் நனையும். பிறகு மறுபடி வெளியே தெரியும். இந்த ஏரி ஏறத்தாழ 27 நிமிடத்துக்கு ஒரு முறை 10 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. நீண்ட தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடுவது போன்ற ஆட்டம் அது. மாவோரிகள் வேறு விதமாகச் சொல்வார்கள். மாட்டௌ என்ற அரக்கன் முழங்காலை மடக்கித் தூங்கும்போது, அவன் கவர்ந்து சென்ற பெண்ணின் காதலன் தீ வைத்துவிட்டான். உடல் எரிந்து உருகிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது. இதயம் மட்டும் எரியவில்லை, அடியில் இன்னும் துடிக்கிறது. காலணியைக் கழற்றி, வலிக்கும் பாதத்தை அந்தத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அடுத்த ஏற்றம் வரும் வரை காத்திருங்கள்.